ஏறி ஓட்டும் புல்வெட்டி: விலை குறைந்த வரலாறு

மேலைநாட்டுத் திரைப்படங்களில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். வீட்டைச் சுற்றிலும் பரந்த புல்தரை. சிறிய டிராக்டர் போன்ற ஒரு வண்டியில் ஒருவர் அமர்ந்து மெல்ல ஓட்டிச் செல்கிறார். வண்டி சென்ற வழியெங்கும் புல் ஒரே உயரத்தில் அறுபட்டு நிற்கிறது. புல் வெட்டுவதற்கு ஒரு வண்டியா என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் இது செல்வர்களுக்கு மட்டும் உரிய பொருள் அன்று. அங்குப் பல ஊர்களில் வீட்டு முகப்பில் புல் குறிப்பிட்ட உயரத்திற்கு மேல் வளர்ந்தால் நகராட்சி அபராதம் விதிக்கும். ஆகவே நிலம் பெரிதானால் இந்த வண்டியும் தேவையாகிவிடுகிறது. பணக்காரர்களின் தோட்டத்துக்கென்று பிறந்த ஒரு பொறி எளியவர் வாங்கும் விலைக்கு எப்படி இறங்கியது? அவ்வாறு இறங்கியபோது எவற்றைக் கைவிட்டது? இதைத் தெரிந்துகொண்டால், எதை வாங்கலாம், எங்கே வாங்கலாம் என்பதும் விளங்கிவிடும்.

கம்பளி ஆலையில் பிறந்த கருத்து

பொறி வருவதற்கு முன் புல்தரைகளை நீண்ட பிடியுள்ள அரிவாளால் வெட்டினார்கள். பனி ஈரம் இருக்கும்போதுதான் புல் நன்றாக அறுபடும் என்பதால் தொழிலாளர்கள் விடியலிலேயே வேலையைத் தொடங்குவார்கள். அத்தனை ஆட்களை வைத்துப் பராமரிக்கச் செல்வந்தர்களால் மட்டுமே முடிந்தது.

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஸ்ட்ரவுட் பகுதி கம்பளி நெசவுக்குப் பெயர் பெற்றது. துணியின் மேல் துருத்தி நிற்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்க அங்குள்ள ஆலைகளில் ஓர் உருளைப்பொறி இருந்தது. எட்வின் பட்டிங் என்ற பொறியாளர் அதைப் பார்த்தார். துணியின் இழையைக் கத்தரிக்கும் உருளை புல்லையும் கத்தரிக்காதா என்று சிந்தித்தார். 1830-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. உருளையில் பொருத்திய வளைந்த கத்திகள் சுழன்று, கீழே அசையாமல் நிற்கும் ஒரு கத்தியின் மீது உராய்ந்து செல்லும். இடையில் அகப்பட்ட புல் கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல் துண்டாகும். லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்கா விலங்குக் காட்சிச்சாலை இதை வாங்கிய முதல் இடங்களுள் ஒன்று. ஆறு முதல் எட்டு ஆட்கள் செய்யும் வேலையை இப்பொறி செய்கிறது என்று அங்கிருந்த தோட்டக் கண்காணிப்பாளர் பாராட்டினார்.

குதிரையும் நீராவியும்

முதற்பொறி இரும்பால் ஆனது, தள்ளுவதற்குக் கடினம். பெரிய பொறிகளைக் குதிரைகள் இழுத்தன. குளம்பு பதிந்து புல்தரை குழியாகாமல் இருக்கக் குதிரையின் கால்களுக்குத் தோல் உறை மாட்டினார்கள்!

1893-ஆம் ஆண்டில் லங்காஷயரின் லேலண்ட் என்னும் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர் நீராவியால் இயங்கும் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அவரும் கூட்டாளிகளும் 1896-இல் தொடங்கிய நீராவி வண்டி நிறுவனமே பின்னர் லேலண்ட் மோட்டார்ஸ் ஆயிற்று. நம் சாலைகளில் ஓடும் பேருந்துகளில் உள்ள 'அசோக் லேலண்ட்' என்ற பெயரின் பிற்பகுதி அந்த ஊரின் பெயர்தான். நீராவிப்பொறி கனமானது, கொதிகலன் சூடாகும்வரை காத்திருக்கவும் வேண்டும். 1902-ஆம் ஆண்டில் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோலில் ஓடும் புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் மோட்டார் புல்வெட்டிகளுக்குப் பின்னால் இருக்கை பூட்டி, அமர்ந்தபடி ஓட்டும் வழக்கமும் வந்தது. எனினும் விலை விளையாட்டு மைதானங்களுக்கும் மாளிகைகளுக்குமே கட்டுப்படியாயிற்று.

தகடு மாறியது, விலை இறங்கியது

விலையைக் குறைத்தவை இரண்டு மாற்றங்கள்.

முதலாவது, கத்தி. உருளைக் கத்திகளை நுட்பமாகச் சாணை பிடித்து, கீழ்க் கத்தியோடு மயிரிழை பிசகாமல் பொருத்த வேண்டும். அதற்குச் செலவு அதிகம். இதற்கு மாறாக, செங்குத்தான தண்டின் முனையில் ஒரு தட்டையான எஃகுத் தகட்டை மாட்டி வேகமாகச் சுழற்றினால் போதும்; மோதும் வேகத்திலேயே புல் அறுபடும். 1930-களில் இங்கிலாந்தில் இவ்வகை விற்பனைக்கு வந்தது. 1952-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தம் வீட்டிலேயே இத்தகைய பொறி ஒன்றைச் செய்தார். அதன் பெட்ரோல் தொட்டி, பழம் அடைத்து வந்த காலி டப்பா! அதுவே 'விக்டா' என்ற புகழ்பெற்ற பொறியாயிற்று.

இரண்டாவது, எஞ்சின். 1953-இல் அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் நிறுவனம் அலுமினியத்தில் வார்த்த சிறிய எஞ்சினை வெளியிட்டது. எடையும் குறைந்தது, விலையும் குறைந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்க நகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் பெருகின. வீட்டுக்கு வீடு புல்தரை வந்தது. உழவு டிராக்டர் செய்த ஜான் டீர் நிறுவனமே 1963-இல் வீட்டுத் தோட்டத்திற்கென '110' என்ற சிறு டிராக்டரை வெளியிட்டது.

உங்களுக்கு வண்டி வேண்டுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. தள்ளிச் செல்லும் பொறியின் வெட்டகலம் 21 அங்குலம், அதாவது 1.75 அடி. ஓர் ஏக்கரை வெட்டி முடிக்க நீங்கள் ஏறக்குறைய 24,900 அடி, அதாவது ஏழரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். மணிக்கு 3 மைல் வேகத்தில் நடந்தால் ஒன்றரை மணிக்கு மேலாகும். 42 அங்குல அகலமுள்ள வண்டியை மணிக்கு 4 மைல் வேகத்தில் ஓட்டினால் 35 நிமிடம் போதும். திரும்பும் நேரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பட்டைகளையும் சேர்த்தால் இரண்டுமே கூடும். ஆனால் விகிதம் பெரிதும் மாறாது. கால் ஏக்கருக்கு வண்டி தேவையில்லை. ஓர் ஏக்கருக்கு அது வீண்செலவு அன்று.

விலை குறைந்த வண்டி புல் வெட்டுவதற்கு மட்டுமே செய்யப்பட்டது. அதன் கியர் அமைப்பு இலேசானது. கலப்பை பூட்டவும் பாரம் இழுக்கவும் எண்ணினால் அது விரைவில் பழுதாகும். குதிரைத்திறன் எண்ணைவிட இதையே முதலில் கேட்டறியுங்கள்.

எங்கே வாங்குவது?

ஒரு காலத்தில் அமெரிக்கர்கள் சியர்ஸ் நிறுவனத்தின் தடித்த விலைப்பட்டியலைப் பார்த்து அஞ்சலில் வாங்கினார்கள். அப்பட்டியல் 1993-இல் நின்றுபோயிற்று. இன்று வழிகள் இரண்டு: பெருங்கடை அல்லது பழுதும் பார்த்துத் தரும் உள்ளூர் முகவர்.

இவ்விரண்டுக்கும் உள்ள இழுபறியை ஒரு நிகழ்ச்சி நன்கு காட்டுகிறது. ஜார்ஜியா மாநிலத்தில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்னாப்பர் நிறுவனம் நீடித்து உழைக்கும் புல்வெட்டிகளுக்குப் பெயர் பெற்றது. 2002-ஆம் ஆண்டில் அதன் தலைவர் ஜிம் வியர், வால்மார்ட் கடைகளுக்கு இனிப் பொறிகளைத் தருவதில்லை என்று நேரில் சென்று சொல்லிவிட்டார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வணிகத்தை அவர் இழந்தார். ஆண்டுதோறும் விலையைக் குறைத்துக்கொண்டே போனால் தரமும், பழுது பார்க்கும் முகவர்களும் அழிந்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். பின்னர் அந்நிறுவனம் கைமாறியது. 2014-இல் அந்தத் தொழிற்சாலையை மூடும் முடிவும் வந்தது. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி மாறவில்லை: பெல்ட் அறுந்த அன்று யாரிடம் போவீர்கள்? நீங்களே பழுது பார்க்கத் தெரிந்தவரானால் பெருங்கடையில் மலிவாக வாங்கலாம். இல்லையெனில் முகவரிடம் சற்று அதிகம் கொடுப்பதே சிக்கனம். பருவம் முடியும் இலையுதிர் காலத்தில் விலை இறங்குவதும் உண்டு.

பழைய வண்டியும் இழிவன்று. 1994-இல் அயோவா மாநிலத்தின் 73 வயது ஆல்வின் ஸ்ட்ரெய்ட், நோயுற்ற தம் அண்ணனைக் காண 1966-ஆம் ஆண்டுப் புல்வெட்டி வண்டியிலேயே 240 மைல் சென்றார். கார் ஓட்டும் உரிமம் அவருக்கு இல்லை. வழியில் பழுது ஏற்பட்டது, பார்த்துச் சரிசெய்துகொண்டார். ஆறு வாரத்தில் போய்ச் சேர்ந்தார். பழைய வண்டிக்கு உதிரி பாகம் கிடைக்குமா என்பதே முதற்கேள்வி.

விலையில் விட்டுக்கொடுக்கக் கூடாதது

தட்டைத் தகட்டின் முனை நொடிக்கு 90 மீட்டருக்கு மேலும் செல்லக்கூடியது. அதில் பட்ட கூழாங்கல் துப்பாக்கிக் குண்டாகிவிடும். 1982-இல் அமெரிக்க அரசு விதித்த விதிப்படி, தள்ளும் பொறியின் பிடியை விட்டதும் தகடு 3 நொடிக்குள் நிற்க வேண்டும். அவ்விதி ஏறி ஓட்டும் வண்டிகளைக் கட்டுப்படுத்தவில்லை. அவற்றுக்குத் தொழில்துறையினர் தாமே தரம் வகுத்துக்கொண்டார்கள். ஓட்டுபவர் எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் இருக்கைச் சுவிட்ச் அத்தகையது. பழைய வண்டி வாங்கும்போது அது வேலை செய்கிறதா, யாரேனும் துண்டித்துவிட்டார்களா என்று பார்த்தே தீரவேண்டும்.

சரிவையும் அளந்து பாருங்கள். 10 அடி தூரத்தில் இரண்டே முக்கால் அடி உயர்ந்தால் அது 15 பாகைச் சரிவு. அதற்கு மேல் வண்டியை ஏற்றக் கூடாது. அதற்குக் குறைந்த சரிவிலும் மேலும் கீழுமாக ஓட்டுங்கள். குறுக்கே ஓட்டினால் வண்டியின் எடைமையம் கீழ்ப்பக்கச் சக்கரத்தைத் தாண்டி வண்டி கவிழக்கூடும். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இதை ஓட்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. குழந்தையை மடியில் வைத்து ஓட்டுவது அன்பன்று, ஆபத்து.

பட்டிங்கின் பொறி ஒரு வகுப்பாருக்கு மட்டுமே இருந்த புல்தரையை எல்லாருக்கும் ஆக்கியது. கத்தியும் எஞ்சினும் எளிமையானதால் விலை குறைந்தது. அது அறிவியலின் வெற்றி. பாதுகாப்பைக் குறைத்துக் கிடைக்கும் மலிவு அந்த வகையைச் சேர்ந்ததன்று. வாங்குமுன் நிலத்தை அளவெடுங்கள், சரிவைப் பாருங்கள், பழுது பார்ப்பவரைத் தேடுங்கள். விலைச்சீட்டைக் கடைசியாகப் பாருங்கள்.