விலக்குண்டோர்க்குத் தொழில்

கி. பி. 1834-ஆம் ஆண்டு மங்களூரை அடைந்த பாசல் மிஷன் பாதிரிமார், கிறிஸ்து சமயம் புக்கார் பலர் தம் குலத்தாரால் விலக்குண்டு, பரம்பரைத் தொழிலையும் இழந்து நிற்றலைக் கண்டனர். உபதேசம் மாத்திரம் பசி தீர்க்குமோ? ஆதலின் அச்சுக்கூடமும் நெசவுச்சாலைகளும் நிறுவினர். 1865-இல் பிளெப்ஸ்ட் என்பார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். மங்களூர் ஓட்டின் புகழுக்கு அதுவே மூலம்.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. கூலி கொடுப்போரும் உபதேசம் செய்வோரும் ஒரே சபையாராகவே, பக்தி எது, பிழைப்பு எது எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று. 1914-இல் மூண்ட போரின் விளைவாய் ஆலைகள் மிஷன் கையினின்று நீங்கின. கற்ற கைத்தொழிலோ கற்றவரை விட்டு நீங்குவதன்று.

அன்பர்காள்! அவர்களை விலக்கியது குலம், சோறிட்டது தொழில். சங்கங்கண்ட நாம் இவ்விரண்டில் எதனைச் செய்யப் போகின்றோம்?