கலிபோர்னியா அயல்நாட்டார் நிலச் சட்டம்

கலிபோர்னியா அயல்நாட்டார் நிலச் சட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1913ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமாகும். "குடியுரிமை பெறத் தகுதியற்ற அயல்நாட்டார்" அம்மாநிலத்தில் வேளாண் நிலம் வாங்குவதை இது தடை செய்தது. சட்டத்தில் ஜப்பானியர் என்ற சொல் எங்கும் இல்லை. எனினும் அவர்களைக் குறிவைத்தே இது கொண்டுவரப்பட்டது. 1920இல் மேலும் கடுமையாக்கப்பட்ட இச்சட்டம் 1956இல் நீக்கப்பட்டது.

பின்னணி

அயல்நாட்டாரை இயற்கை வளங்களிலிருந்து விலக்கும் முயற்சி கலிபோர்னியாவில் தங்க வேட்டைக் காலத்திலேயே தொடங்கியது. 1850இல் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் ஒவ்வொருவரும் மாதம் 20 டாலர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

குடியேறியவர்களுக்குக் குடியுரிமை வழங்குவது நடுவண் அரசின் அதிகாரம். 1790ஆம் ஆண்டுச் சட்டம் அதை வெள்ளையருக்கு மட்டுமே அளித்தது. 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினர் சேர்க்கப்பட்டனர், ஆசியர் சேர்க்கப்படவில்லை. கூலி வேலைக்கு வந்த ஜப்பானியர் காலப்போக்கில் குத்தகைக்கும் சொந்தமாகவும் நிலம் பெற்றுக் காய்கறி, பழம் பயிரிட்டனர். இது வெள்ளை விவசாயிகளிடையே எதிர்ப்பை உண்டாக்கியது.

1913, 1920 சட்டங்கள்

ஓர் இனத்தின் பெயரைச் சட்டத்தில் நேரடியாக எழுதினால் ஜப்பானுடனான உறவு கெடும் என்று நடுவண் அரசு அஞ்சியது. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், வெளியுறவுச் செயலர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை மாநிலத் தலைநகர் சேக்ரமெண்டோவுக்கு அனுப்பிப் பார்த்தார். பயனில்லை. ஆளுநர் ஹைரம் ஜான்சன் 1913 மே மாதத்தில் கையொப்பமிட்டார். "தகுதியற்றவர்" யார் என்பதை நடுவண் சட்டமே முடிவு செய்துவிட்டதால், மாநிலம் எந்த இனத்தையும் பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் வரை குத்தகைக்கு எடுக்க முதலில் அனுமதி இருந்தது. 1920இல் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் ஏற்ற சட்டம் அந்த அனுமதியையும் நீக்கியது. விதியை மீறி வாங்கிய நிலம் அரசுக்குச் சேரும்.

இந்தியர் மீதான விளைவு

1923 பிப்ரவரியில், பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் "வெள்ளையர்" அல்லர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியுரிமையைப் பற்றிய இத்தீர்ப்பு வயலையும் தொட்டது. கலிபோர்னியாவில் உழுது பயிரிட்டுவந்த பஞ்சாபியரும் நிலச் சட்டத்தின் தடைக்குள் வந்தனர். பலர் நம்பிக்கையான அமெரிக்கர்களின் பெயரிலும், அங்கேயே பிறந்த தங்கள் பிள்ளைகளின் பெயரிலும் நிலத்தை வைத்துப் பயிரிட்டனர். எழுத்தில் இல்லாத அத்தகைய ஏற்பாட்டில் மற்றவர் வாக்குத் தவறினால், உழவருக்கு நீதிமன்றம் செல்லும் வழியும் இல்லை.

நீதிமன்றங்களில்

அமெரிக்காவில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன். இதைப் பயன்படுத்தி, ரிவர்சைடு நகரில் உணவகம் நடத்திய ஜுகிச்சி ஹராடா 1915இல் தம் மூன்று பிள்ளைகளின் பெயரில் வீடு வாங்கினார். மாநிலம் வழக்குத் தொடுத்தது. 1918இல் பிள்ளைகளின் உரிமை உறுதி செய்யப்பட்டது. ஆனால் 1923 நவம்பரில் கலிபோர்னியா, வாஷிங்டன் மாநில நிலச் சட்டங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

ஜப்பானிய வம்சாவளியினர் போர்க்காலத்தில் மேற்குக் கடற்கரையிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்த 1944ஆம் ஆண்டில், கஜிரோ ஒயாமா தம் மகன் பிரெட்டின் பெயரில் வாங்கிய நிலத்தை எடுத்துக்கொள்ள மாநிலம் வழக்குத் தொடுத்தது. 1948 ஜனவரியில், பெற்றோரின் நாட்டைக் காரணம் காட்டி ஒரு குடிமகனின் உரிமையைப் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டத்தையே அது செல்லாததாக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில், மீன்பிடி உரிமத்துக்கு விதிக்கப்பட்டிருந்த இதே "தகுதியற்றவர்" தடை தகஹாஷி வழக்கில் விழுந்தது.

நீக்கம்

1952 ஏப்ரலில், சேய் புஜி தொடர்ந்த வழக்கில், நிலச் சட்டம் அரசமைப்பின் 14ஆம் திருத்தம் தரும் சமப் பாதுகாப்புக்கு முரணானது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அறிவித்தது. சட்டம் படித்திருந்தும் குடியுரிமை இல்லாததால் வழக்கறிஞராக முடியாதவர் புஜி. அதே ஆண்டு நடுவண் குடியேற்றச் சட்டம் குடியுரிமைக்கான இனத் தடையை நீக்கியது. 1956இல் வாக்காளர்களே நிலச் சட்டத்தை ஏட்டிலிருந்தும் அகற்றினர்.

பிற மாநிலங்கள்

வாஷிங்டன், ஓரிகன், அரிசோனா உள்ளிட்ட மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் இருந்தன. வாஷிங்டன் 1966இல் நீக்கியது. புளோரிடாவின் அரசமைப்பில் இருந்த பிரிவு 2018இல்தான் அகற்றப்பட்டது. ஆனால் 2023இல், சீனா உள்ளிட்ட ஏழு நாடுகளைப் பெயர் குறிப்பிட்டு, நிலம் வாங்குவதற்குப் புதிய வரம்புகளை அதே மாநிலம் விதித்தது. இது நாட்டின் பாதுகாப்புக்கானது என்பது ஆதரிப்போர் வாதம். எதிர்ப்போர் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவூட்டுகின்றனர்.