முத்துக்கு மதிப்பிட்டவர்கள்

ஒரு பொருளின் மதிப்பு அப்பொருளினுள்ளேயே உறைகின்றதா, அன்றி அதனை நோக்கும் மனிதர் ஏற்றி வைப்பதா என்பது தத்துவ நூலார் நெடுங்காலமாக வழக்காடி வரும் வினா. 'விழுமியவியல்' என்று அதற்கெனத் தனித்துறையே இன்று உண்டு. கீழக்கரையிலும் மன்னார் வளைகுடாவின் பிற துறைகளிலும் முத்து விற்றோரும் கொண்டோரும் இவ்வினாவை ஏட்டில் பயின்றவரல்லர். ஆயினும் சல்லடையும் தராசும் கொண்டு அதற்கொரு விடை கண்டிருந்தனர். அவ்விடையை நம் ஃபிக்ஹு நூல்களின் அருகே வைத்துப் பார்ப்போம்.

முத்தைப் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகள் பத்து இருந்தன. முதலாவதில் 20 துளைகள்; பின் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என ஏறி இறுதியில் 1000. துளை மிகுந்தோறும் கண் சிறுக்கும். இருபதில் தங்குவதே பெருமுத்து. அளவு கண்டபின் வடிவும் ஒளியும் காண்பர். உருட்சியிலும் ஒளியிலும் குறைவற்றது ஆணி முத்து. அதன்கீழ்த் தரங்கள் பல. கடைசியில் வெறும் தூள்.

இதன் மேல் ஒரு கணக்கு. உயர்தர முத்தின் நிறையை மஞ்சாடியில் கண்டு, அதனை அதனாலேயே பெருக்கி, முக்கால் பங்கு எடுத்து, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுப்பர். வருவது 'செவ்வு'. இரண்டு மஞ்சாடி நிறையுள்ள ஒற்றை முத்துக்குச் செவ்வு மூன்று. மஞ்சாடிக்கு ஒன்றாக இரு முத்துக்களாயின், மொத்த நிறை அதுவேயாயினும், செவ்வு ஒன்றரைதான். பருமுத்தின் அருமை இக்கணக்கிலேயே அடங்கிவிட்டது. ஆனால் செவ்வு விலையன்று! ஒரு செவ்வுக்கு எத்தனை ரூபாய் என்பதை அன்றைய சந்தையே முடிவு செய்யும். பொருளைச் சார்ந்த அளவு வேறு, மாந்தரின் விருப்பைச் சார்ந்த விலை வேறு என்று இரு படிகளாக அவர்கள் பிரித்து வைத்த நுட்பம் நம்மை வியக்க வைக்கின்றது.

மதிப்பை அரபியில் 'கீமத்' என்பர். நிற்றல் என்னும் வினையடியிற் பிறந்த சொல் அது. ஒரு பொருள் அழிந்துபோனால் அதன் இடத்தில் எது நிற்குமோ அதுவே கீமத். நம் தமிழின் 'மதிப்பு' என்பதோ மதித்தல் என்னும் செயலைச் சுட்டுவது. அரபுச் சொல் பொருளின் பக்கம் நிற்கத் தமிழ்ச் சொல் மதிப்போன் பக்கம் நிற்கின்றது.

இக்கடற்கரையில் வழங்குவது ஷாஃபிஈ மத்ஹபு. அதில் அழிந்த பொருளுக்கு ஈடு செய்தல் இருவகைப்படும். நெல் போன்றவற்றுக்கு நெல்லையே திருப்பித் தரலாம், இவை 'மிஸ்லீ'. ஒத்த இணை கிடைக்காதவற்றுக்கு மதிப்பைத் தரவேண்டும், இவை 'கீமீ'. கி.பி. 1277-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) தமது 'மின்ஹாஜ்' நூலில், பருமுத்துக்களை முன்பணம் பெற்றுப் பின்னர் தருவதாக 'ஸலம்' முறையில் விற்பது செல்லாது என்கின்றார். அத்தனை குணங்களையும் விவரித்துவிட்டால், அவ்விவரத்துக்குப் பொருந்தும் முத்து கிடைப்பதே அரிது என்பது காரணம். பங்கு பிரிக்கையில் மதிப்பிட வேண்டிய பொருள் இருந்தால், பிரிப்போர் ஒருவர் போதாது, இருவர் வேண்டும் என்பதும் அந்நூலின் சட்டமே. அநாதைப் பிள்ளையின் பங்கில் ஆணி முத்து விழுமா, தூள் விழுமா என்பது ஒருவர் கண்ணை மட்டும் நம்பி விடத்தக்க காரியமா?

இனி, மதிப்பே அறியாமல் நடக்கும் வாணிபம் ஒன்று. "ஒருமுறை முழுகுகிறேன், வருவது உமக்கு, விலை இவ்வளவு" என்று முத்துக்குளிப்போன் பேசும் பேரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் ஸனது பலவீனமானதென ஹதீஸ் கலை வல்லார் குறித்துள்ளனர். எனினும் அறியப்படாததை விற்றல் கூடாது என்னும் பொதுவிதி பலமானது. 1905-இல் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரும் முத்துக்குளிப்பை எண்ணிப் பாருங்கள். அங்கே கீழக்கரை முழுகுநரும் இருந்தனர். சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. எஞ்சியதை அரசு, திறவாச் சிப்பி ஆயிரத்துக்கு இன்ன விலையென ஏலம் விட்டது. சல்லடையும் செவ்வும் கொண்டு இத்தனை நுட்பமாக மதிப்பிடத் தெரிந்த கரையில், முதல் விற்பனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தது! எண்ணிக்கை தெரியும், உள்ளிருப்பது தெரியாது. முழுகியவன் தன் பங்கையும் அவ்வாறே விற்றுவிட்டால், அதில் ஆணி முத்து இருந்தும் அவன் அறியமாட்டான்.

நன்மையும் தீமையும் பொருளின் இயல்பிலேயே உள்ளனவா என முஃதஸிலாக்களும் அஷ்அரீகளும் வாதிட்டனர். மக்கள் தம் நோக்கத்துக்கு இசைந்ததையே நல்லது என்கின்றனர் என இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) 'முஸ்தஸ்ஃபா'வில் எழுதினார். வலம்புரிச் சங்கை நோக்குவோர் அதனை ஒப்புவர். இடம்புரியும் அதே சுண்ணம், அதே கடல். புரி திரும்பிய பக்கம் ஒன்றே வேறு. ஆனால் ஆணி முத்தின் உருட்சி எவர் நோக்கத்தையும் கேட்டு அமைந்ததன்று. கரையின் வழக்கு இவ்விரு கட்சிக்கும் இடையே நின்றதென்பது நம் கருத்து.

ஜப்பானியரின் வளர்ப்பு முத்துக்கள் பெருகியதால் 1930-ஐ ஒட்டி இயற்கை முத்தின் விலை சரிந்தது. அதற்கு முன் ஒருவன் பிறர் முத்தொன்றைக் கவர்ந்து, சரிவுக்குப் பின் அதைத் தொலைத்திருந்தால், இன்றைய விலைதான் தருவேன் என்று அவன் சொல்ல மத்ஹபு இடங்கொடாது. கவர்ந்த நாள் தொட்டு அழிந்த நாள் வரை இருந்த விலைகளுள் உச்ச விலையையே அவன் உரியவனுக்குத் தந்தாக வேண்டும்.