பிந்தி வந்த வெளிச்சம்: டார்ச் லைட்டும் பால்மரக் காடும்

கைக்கு அடக்கமான டார்ச் லைட்டில் சிறந்தது பழையதா, புதியதா என்று பட்டிமன்றம் வைத்தால் தீர்ப்பு ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும். வெளிச்சத்தில் புதியதோடு பழையது போட்டி போட முடியாது. ஆனால் அதே கேள்வியை சிலிம் ரிவர் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோனால் விவாதம் வேறு பக்கம் திரும்பும். விடியலுக்கு முன் எழுந்து வேலைக்குப் போன மக்களுக்கு எப்படிப்பட்ட வெளிச்சம் தேவைப்பட்டது? அது எப்போது வந்து சேர்ந்தது?

டார்ச் லைட்டின் பிறப்பிலிருந்தே தொடங்கலாம். 1899 ஜனவரி 10ஆம் தேதி, டேவிட் மிசல் என்பவரின் குழாய் வடிவ மின்விளக்குக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. அதை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் கான்ராட் ஹியூபர்ட். ‘எவரெடி’ என்ற பெயர் வளர்ந்தது அவருடைய நிறுவனத்திலிருந்துதான். அன்றைய பேட்டரியும் கரி இழை பல்பும் தொடர்ந்து எரியும் திறன் இல்லாதவை. சில விநாடி எரியவிட்டு அணைத்து, பேட்டரிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அமெரிக்கர்கள் இதை ‘ஃபிளாஷ் லைட்’ என்று அழைப்பது அதனால்தான். ‘பளிச்’ என்று மின்னுவதற்குப் பிறந்த விளக்கு அது. பிறகு டங்ஸ்டன் இழை வந்தது, பேட்டரியும் மேம்பட்டது. ஆனாலும் அந்தப் பிறவிக் குணம் முழுமையாகப் போக ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

பால் வெட்டுகிறவருக்கு வேண்டியதோ நின்று எரியும் விளக்கு. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பது விடியலுக்கு முன்தான். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகி அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது. அதனால்தான் பெரட்டு இருட்டிலேயே நடந்தது. ஓர் ஆளுக்கு 400, 500 மரங்கள். கத்தி ஒவ்வொரு முறையும் பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிஞ்சினால் கத்தி மரத்தைக் காயப்படுத்தும். புதுப்பட்டை சரியாக வளராது. மண்டோரின் வாயிலிருந்து தப்பவும் முடியாது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு செய்யும் வேலையா இது? கத்திக்கே இரண்டு கை வேண்டும்.

எனவே தோட்டத்தில் வெளிச்சமும் இரண்டு வகையாகப் பிரிந்தது. லயத்திலிருந்து வெட்டுக்காடு வரை செம்மண் சடக்கில் நடந்து போக, பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க, யாரோ வருகிறார்கள் என்று காட்ட டார்ச் லைட். மரத்தடியில் இருட்டோடு வெட்ட வேண்டியிருந்தால் தலையில் கட்டிய எண்ணெய் விளக்கு அல்லது கார்பைடு விளக்கு. கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட அசிட்டிலீன் வாயு கிளம்பி வெள்ளையாக எரியும். நாற்றமும் உண்டு, சூடும் உண்டு. நெற்றிக்கு மேல் நெருப்பைச் சுமக்கும் வேலை. ஆனால் அது கண் சிமிட்டாமல் எரிந்தது. டார்ச் லைட்டிடம் அப்போது இல்லாத குணம் அது.

சிலிம் ரிவர் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது 1942 ஜனவரி 7. அன்று அதிகாலை மூன்றரை மணியளவில், மேஜர் ஷிமாடாவின் தலைமையில் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கத்துத் தற்காப்பை உடைத்துக்கொண்டு நுழைந்தன. அன்று காலையிலேயே பாலம்வரை போய்விட்டன. 11ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு சிதறியது. குளூனி தோட்டத்துப் பகுதியில் இருந்த கூர்க்கா படையினரும் பேரிழப்புக்கு ஆளானார்கள். நான்கே நாளில் கோலாலம்பூர் விழுந்தது. பால் வெட்டப் புறப்படும் அதே இருட்டு நேரத்தில், பால்மரங்களுக்கு நடுவே போன அதே சாலையில் நடந்த போர் இது. அதன் பிறகு வந்த மூன்றரை ஆண்டில் அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாமே அரிதாயின. பேட்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

போர் முடிந்து மூன்றாண்டு ஆவதற்குள் 1948இல் அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எதுவும் போய்ச் சேரக்கூடாது என்று அரிசியும் மருந்தும் மட்டுமல்லாமல் டார்ச் பேட்டரியும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வேலி வாசலில் சோதனை, இரவில் ஊரடங்கு. அண்டை ஊரான தஞ்சோங் மாலிமில் 1952 மார்ச் மாதம் ஜெனரல் டெம்ப்ளர் விதித்த 22 மணி நேர ஊரடங்கு உலகச் செய்தியானது. நடைக்குத் துணையாக இருந்த ஒரு சாதாரணப் பொருள் சந்தேகத்துக்குரிய பொருளாக மாறிய காலம் அது. பையில் கூடுதலாக இரண்டு பேட்டரி இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். டார்ச் லைட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை.

இருட்டின் நீளத்தைக் கடிகாரமும் மாற்றியது. ஜப்பானியர் மலாயாவை டோக்கியோ நேரத்துக்கு மாற்றியபோது கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடியது. போருக்குப் பிறகு அது பழையபடி திரும்பியது. மறுபடியும் 1982 ஜனவரி 1ஆம் தேதி, சபா சரவாக்கோடு ஒத்துப்போவதற்காகத் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னால் தள்ளப்பட்டது. சூரியனும் மரமும் தங்கள் கணக்கில்தான் இருந்தன. பெரட்டு மணியை மாற்றாத இடங்களில் காலை வேலைக்கு அரை மணி நேர இருட்டு கூடுதலாகச் சேர்ந்தது. இன்றும் பேராவில் காலை ஏழு மணிக்குத்தான் பொழுது புலர்கிறது.

இனி அந்தப் பழைய டார்ச்சையே கையில் எடுத்துப் பார்க்கலாம். தகரக் குழாய், இரண்டு பெரிய பேட்டரி, மேலும் கீழும் தள்ளும் சுவிட்ச். பின் மூடியைத் திருகினால் ஸ்பிரிங். சில டார்ச்சுகளில் அங்கேயே ஒரு மாற்று பல்பும் ஒளிந்திருக்கும். பேட்டரியில் பாயும் கறுப்புப் பூனையும் 9 என்ற எண்ணும். அதன் துத்தநாக உடலே கரைந்துதான் மின்சாரம் தருகிறது. எனவே மறந்துபோய் உள்ளேயே விட்டுவிட்டால் கசிந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும். மங்கிய பேட்டரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டியவர்கள் ஏராளம். அது மூடநம்பிக்கை அல்ல. சூட்டில் வேதிவினை சற்று விரைவதால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும். தீர்ந்த பேட்டரியை உடைத்து எடுத்த கரிக்கோல் பிள்ளைகளுக்குத் தரையில் எழுதப் பயன்பட்டது.

சட்டைப் பையில் போடும் அளவுக்கு இது சுருங்கியது பேனா பேட்டரிகளால். நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்க வாகான உதாரணம் 1984இல் வந்த மினி மேக்லைட். அலுமினிய உடல், இரண்டு பேனா பேட்டரி, தலையைத் திருப்பினால் ஒளி குவியும். இழை பல்பு கொடுத்தது சுமார் 14 லூமன் ஒளி. பின்னாளில் அதே உடலில், அதே இரண்டு பேட்டரியில் எல்.இ.டி. பொருத்தப்பட்டபோது ஒளி பல மடங்கு உயர்ந்தது, எரியும் நேரமும் கூடியது. காரணம் எளிது. இழை பல்பு தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்குகிறது, எல்.இ.டி.யில் அந்த வீண் மிகக் குறைவு. கீழே விழுந்தாலும் அறுந்துபோக அதில் இழை கிடையாது.

இதற்கு வழி திறந்தது, 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா உருவாக்கிய பிரகாசமான நீல எல்.இ.டி. அதன்மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூசி 1996இல் வெள்ளை ஒளி விற்பனைக்கு வந்தது. நீல ஒளிக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. சோனி 1991இல் விற்கத் தொடங்கிய லித்தியம் அயன் பேட்டரியும் இதோடு சேர்ந்தபோதுதான் தலையில் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் எரியவிடக்கூடிய, நெருப்பில்லாத, எடையில்லாத விளக்கு உருவானது. பால் வெட்டுகிறவர் நூறாண்டாகத் தேடிய விளக்கு இதுதான்.

ஆனால் அது வந்து சேர்ந்தபோது தோட்டம் எங்கே? 1990களின் தொடக்கத்திலேயே உலக ரப்பர் உற்பத்தியில் முதலிடத்தை மலேசியா தாய்லாந்திடம் விட்டுக்கொடுத்துவிட்டது. பேராவின் தென்கோடியில், சிலிம் ரிவரைச் சுற்றிலும் பால்மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக் குலையைப் பகலில்தான் வெட்டுகிறார்கள்; அதற்கு விளக்கே வேண்டாம். லயத்துப் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். நெற்றியில் கார்பைடு நெருப்பைச் சுமந்த தலைமுறையில் பெரும்பாலோர் அந்தப் புது வெளிச்சத்தில் ஒரு மரம்கூட வெட்டவில்லை. தொழில்நுட்பம் எல்லாருக்கும் நன்மை செய்கிறது என்று பொதுவாகச் சொல்லும்போது இந்தக் காலக்கணக்கு விடுபட்டுப் போகிறது.

இன்று நாட்டின் ரப்பரில் மிகப் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. இருட்டோடு வெட்டுகிறவர்களின் தலையில் இருப்பது, இரவில் சுவரில் செருகி மின்னேற்றிய எல்.இ.டி. விளக்கு. அதிலும் ஒரு குறை உண்டு. மலிவானவற்றில் பேட்டரி உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு மூன்று ஆண்டில் அது தளர்ந்துவிட்டால் திறந்து மாற்ற முடியாது, விளக்கையே தூக்கிப்போட வேண்டியதுதான். பின் மூடியைத் திருகி, ஒளித்து வைத்த பல்பை எடுத்துப் போட்டுக்கொள்ளும் வசதி அந்தத் தகர டார்ச்சோடு போய்விட்டது.