கணக்கா, கதையா?

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ராணி மரீ அந்துவானெத் ஆடம்பரம் செய்தாள், பிரான்சின் கஜானா காலியானது, 1789-ல் புரட்சி வந்தது என்றுதான் பள்ளியில் என் மனதில் பதிந்தது. அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. ஒரு குடும்பம் எவ்வளவுதான் செலவழித்துவிட முடியும்?

1788-க்கான பிரெஞ்சு அரசின் கணக்கைப் பாருங்கள். லிவர் என்பது அன்றைய நாணயம். வரவு சுமார் 50.3 கோடி லிவர், செலவு 62.9 கோடி. அரண்மனைக்குப் போனது நூற்றுக்கு 6 மட்டுமே. ராணுவம், கடற்படை, வெளியுறவு மூன்றுக்கும் சேர்த்து 26. கல்விக்கும் ஏழைகளுக்கும் வெறும் 2. கடனுக்குக் கட்டியது? சுமார் 31.8 கோடி, பாதிக்கு மேல்!

அந்தக் கடனில் பெரும்பங்கு போர்களுக்கு வாங்கியது. 1778-ல் அமெரிக்கர்களுக்கு ஆதரவாக பிரான்ஸ் இங்கிலாந்தோடு மோதியது. அதே ஆண்டு ஆங்கிலேயர் நம் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்ததும் அந்தப் போரில்தான். நிதியைக் கவனித்த நெக்கேர், பெரும்பாலும் கடன் வாங்கியே போரை நடத்தினார். 1781-ல் அரசருக்குக் கொடுத்த கணக்கறிக்கையை அச்சிட்டு ஊருக்கே காட்டினார். அதுவரை அரசாங்கக் கணக்கு ரகசியம். ஜனங்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். அதில் ஒரு கோடி லிவர் உபரி! காரணம், அவர் காட்டியது 'சாதாரண' வரவு செலவை மட்டும். போர்ச் செலவு 'அசாதாரணம்' என்பதால் அதில் சேரவில்லை.

புத்தகத்தின் அட்டை நீலம். பிரெஞ்சில் கணக்குக்கும் கதைக்கும் உச்சரிப்பு ஒன்றே, எழுத்துதான் வேறு. அதனால் குறும்பர்கள் அதை 'நீலக் கதை' என்று கேலி செய்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மார்ச் மாதக் கடைசியில், ஒதுக்கீடு தீர்ந்துபோன தலைப்பில் வந்த பில்லை வேறு தலைப்பில் எழுதச் சொன்னார் மேலதிகாரி. எழுதினேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

பிறகு நிதிப் பொறுப்புக்கு வந்த கலோன், 1787-ல் பெரும் பற்றாக்குறை என்று பிரமுகர் சபையில் சொன்னபோது பலர் நம்பவில்லை. நெக்கேர் காட்டிய உபரி எங்கே போனது என்று கேட்டார்கள். ஊருக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் ராணிக்குப் பட்டப்பெயர் கிடைத்தது: 'மதாம் தெஃபிசித்', அதாவது பற்றாக்குறை அம்மாள்.