விடுதி இல்லாக் கல்லூரிகளில் கற்றல் குழுமம்: அமெரிக்க முதலாண்டு அறிவியல், கணித மாணவர்களை முன்வைத்து

ஒரே மாணவர் கூட்டம் சேர்ந்தே படிக்கும் கற்றல் குழுமங்களின் வரலாற்றை எழுதும் அமெரிக்கக் கல்வியாளர்கள் பெரும்பாலும் 1927இல் தொடங்குகிறார்கள். அலெக்சாண்டர் மைக்கல்ஜான் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சோதனைக் கல்லூரியைத் திறந்த ஆண்டு அது. ஆடம்ஸ் ஹால் என்ற விடுதியில் மாணவர்கள் தங்கினார்கள். ஆசிரியர்களுக்கும் அங்கேயே அறைகள். முதலாண்டு முழுக்கப் பண்டைய ஏதென்ஸ், இரண்டாமாண்டில் நவீன அமெரிக்கா. 1932இல் அது மூடப்பட்டது. மைக்கல்ஜானின் மாணவர் ஜோசப் டஸ்மன் 1965இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதே வழியில் ஒரு முயற்சி செய்தார். அது 1969 வரை நடந்தது. 1971இல் வகுப்புகளைத் தொடங்கிய எவர்கிரீன் கல்லூரி, தன் பாடத்திட்டத்தையே இந்த எண்ணத்தின் மேல் கட்டியது.

இந்த வம்சாவளியில் பிழை எதுவும் இல்லை. ஆனால் காலையில் சப்வே பிடித்து வந்து, வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடும் முதலாண்டு அறிவியல் மாணவர் இதில் எங்கே இருக்கிறார்? அவருக்கு விடுதி கிடையாது. ஏதென்ஸைப் பற்றி நிதானமாக விவாதிக்க நேரமும் கிடையாது. அவருக்கான கற்றல் குழுமம் வேறு இரண்டு இடங்களில் உருவானது என்று கருதுகிறேன். ஒன்று, நியூயார்க்கில் ஈராண்டுப் படிப்பு தரும் ஒரு சமுதாயக் கல்லூரியின் கால அட்டவணை. மற்றொன்று, பெர்க்லியின் நுண்கணிதப் பட்டறை.

1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் உயர்நிலைப் பள்ளி முடித்த நகரத்து மாணவர் அனைவருக்கும் கதவைத் திறந்துவிட்டது. வந்தவர்கள் பயண மாணவர்கள், அதாவது வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். சில ஆண்டுகளுக்குள், 1974இல் ஆர்தர் சிக்கரிங்கும் 1975இல் அலெக்சாண்டர் ஆஸ்டினும் வெளியிட்ட ஆய்வுகள், விடுதியில் தங்கும் மாணவரே கல்லூரியால் அதிகம் பயன்பெறுகிறார், படிப்பை விடாமல் தொடரும் வாய்ப்பும் அவருக்கே கூடுதல் என்று காட்டின. விடுதியே இல்லாத கல்லூரி இந்த முடிவை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? குவீன்ஸ் பகுதியில் பழைய கருவித் தொழிற்சாலைக் கட்டடத்தில் 1971இல் தொடங்கிய லகார்டியா சமுதாயக் கல்லூரி, தன் கையில் இருந்ததைப் பயன்படுத்தியது: பாடப் பதிவு. ஒரே மாணவர் கூட்டம் இரண்டு மூன்று பாடங்களில் சேர்ந்தே உட்காரும்படி பதிவைக் கட்டினார்கள். எழுத்துப் பயிற்சி வகுப்பில் பார்த்த முகத்தை அடுத்த மணி நேரத்திலும் பார்க்கலாம். கூரையைப் பகிர முடியாதவர்கள் நேரத்தைப் பகிர்ந்தார்கள்.

கணிதம் இதில் எளிதாகப் பொருந்தவில்லை. இலக்கியத்தையும் சமூகவியலையும் ‘நகரம்’ அல்லது ‘வேலை’ என்ற ஒரே கருப்பொருளில் கோத்துவிடலாம். வகைக்கெழுவை எதோடு கோப்பது? அதைவிடப் பெரிய சிக்கல் தரப்படுத்தும் தேர்வு. ஒரே நாளில் சேர்ந்த இருவரில் ஒருவர் நேராக நுண்கணிதத்துக்குப் போவார், மற்றவர் அடிப்படை இயற்கணிதத்தில் நிற்பார். நுண்கணிதம் முடிக்காமல் அதைச் சார்ந்த இயற்பியலுக்குப் போக முடியாது. போதாததற்கு, பிற்பகலை விழுங்கும் ஆய்வகம். குழுமத்தை முதலில் இலக்கியம், சமூகவியல் போன்ற துறைகள் சொந்தமாக்கிக்கொண்டதற்கு ஆர்வத்தைவிட இந்த நிர்வாகக் கணக்கே காரணம்.

அறிவியல் பக்கத்துக்கான விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1970களின் நடுவில் பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்த யூரி ட்ரைஸ்மன், முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள் என்று கேட்டார். ஊக்கமின்மை, பள்ளிப் பயிற்சிக் குறைவு, குடும்ப ஆதரவின்மை, வறுமை என்று பேராசிரியர்களிடம் விடைகள் தயாராக இருந்தன. அவர் கறுப்பின மாணவர்கள் 20 பேரையும் சீன அமெரிக்க மாணவர்கள் 20 பேரையும் தேர்ந்து, அவர்கள் படிக்கும் இடங்களுக்கே போய்ப் பல மாதம் உடனிருந்து பார்த்தார். தயாராக இருந்த விடைகளில் எதுவும் தேறவில்லை. கறுப்பின மாணவர்கள் ஆசிரியர் சொன்ன நேரம் தவறாமல் படித்தார்கள், ஆனால் தனியாக. படிப்பு ஓர் அறை, நட்பு வேறோர் அறை. சீன அமெரிக்க மாணவர்கள் தனியாகப் படித்த பிறகு மாலையில் கூடினார்கள். வீட்டுப்பாடத்தை ஒருவருக்கொருவர் திருத்தினார்கள், பழைய வினாத்தாள்களை அலசினார்கள். ஒரு கணக்கு வராதபோது, கணக்குதான் கடினமா, தனக்குத்தான் புரியவில்லையா என்று கூடி உட்காருபவருக்குத் தெரிந்துவிடும். தனியாக இருப்பவர் தன்னைத்தான் சந்தேகிப்பார்.

1978இல் அவர் தொடங்கிய பட்டறையின் கூர்மை, அதைத் தனிப்பயிற்சி என்று அழைக்க மறுத்ததில் இருக்கிறது. பின்தங்கியவர்களுக்கான உதவி வகுப்பு என்றால் தன்மானமுள்ளவர் எவர் வருவார்? இது சிறப்பு மாணவர் திட்டம் என்று அழைப்பு போனது. பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைத் தாளில் கொடுத்துச் சிறு குழுக்களாக உட்கார வைத்தார்கள். நடத்துபவர் விடை சொல்வதில்லை. மேசை மேசையாகப் போய்க் கேள்வி கேட்பார். பெர்க்லி பயண மாணவர்களின் கல்லூரி அல்ல என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பட்டறைக்கு விடுதி தேவைப்படவில்லை, ஒரு வகுப்பறையும் வாரத்தில் சில மணி நேரமும் போதும். அதனால்தான் அது ஊர் விட்டு ஊர் போனது. 1988இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினில் இதை ஏற்றது. 1990களில், அப்போது விடுதியே இல்லாத நியூயார்க் சிட்டி காலேஜில், வேதியியலை முன்பே நன்றாக முடித்த மாணவர்கள் ஆளுக்கொரு சிறு குழுவை நடத்தும் முறை இதன் உறவாகவே வளர்ந்தது.

1997இல் இரண்டு வெளியீடுகள் இந்த ஊற்றுகளை அருகே கொண்டுவந்தன. வின்சென்ட் டின்டோ, சியாட்டில் சென்ட்ரல் சமுதாயக் கல்லூரியை ஆராய்ந்து, பயண மாணவருக்கு வகுப்பறையைத் தவிரப் பிறரைச் சந்திக்கும் இடமே இல்லை, குழுமம் அங்கேதான் அமைய வேண்டும் என்றார். எலைன் சீமோரும் நான்சி ஹெவிட்டும், அறிவியலை விட்டு விலகியவர்களுக்கும் நிலைத்தவர்களுக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இல்லை, மோசமான கற்பித்தல் பற்றி இரு தரப்பும் குறைபட்டுக்கொண்டன என்று காட்டினார்கள். 2002இல் தேசிய அறிவியல் அறக்கட்டளை, அறிவியல் பட்டதாரிகளைப் பெருக்கும் மானியத் திட்டத்தைத் தொடங்கியபின் முதலாண்டுக் குழுமங்கள் பெருகின.

பெருகியதை அளந்தபோது உற்சாகம் சற்றுத் தணிந்தது. புரூக்ளினின் கிங்ஸ்பரோ கல்லூரியில் 1,500க்கு மேற்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வில் முதல் பருவத்தில் மிதமான முன்னேற்றம் தெரிந்தது. குவீன்ஸ்பரோவிலும் ஹூஸ்டனிலும் அடிப்படைக் கணித வகுப்பைக் குழுமமாக்கியபோது தேர்ச்சி கூடியது, ஆனால் குழுமம் கலைந்த பின் அந்த முன்னிலை தேய்ந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. ஒரு பருவம் சேர்த்து உட்கார வைப்பது லகார்டியாவின் பாதி. கடினமான கணக்கைச் சேர்ந்து போடுவது ட்ரைஸ்மனின் பாதி. பல கல்லூரிகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ஏ.எஸ்.ஏ.பி. திட்டம் குழுமம் என்ற பெயரையே பெரிதாகச் சொல்லவில்லை. முழுநேரப் படிப்பு, முதலாண்டில் சேர்த்துக் கட்டிய வகுப்பு நேரம், தொடர்ந்து சந்திக்கும் ஆலோசகர், இவற்றோடு மாதம்தோறும் மெட்ரோகார்டு என்ற பயண அட்டையை இலவசமாகக் கொடுத்தார்கள். திட்டத்தின் விதிப்படி நடந்தால்தான் அந்த அட்டை கிடைத்தது. மாணவர் ஆலோசகரிடம் தவறாமல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதை மதிப்பிட்ட ஆய்வில், மூன்றாண்டு முடிவில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் பெற்றனர். ஒப்பீட்டுக் குழுவில் 22 சதவீதம். ஆய்வு மொத்தத் திட்டத்தையும் ஒன்றாகவே அளந்தது என்பதால், இதில் கால அட்டவணையின் பங்கு எவ்வளவு, பயணச் சீட்டின் பங்கு எவ்வளவு என்று அந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.