46 வருஷம் பூட்டிக் கிடந்த பேட்மேன்!

ஜெயங்கொண்டத்தில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி ‘சக்திமான்’ பார்த்த நைன்ட்டீஸ் கிட்ஸுக்கு, கங்காதரின் அசட்டுத்தனம் மறந்திருக்காது. அந்த சிரிப்புக்கு மூத்த அண்ணன், 1966-ல் அமெரிக்காவின் ஏ.பி.சி சேனலில் தொடங்கிய ‘பேட்மேன்’. முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டே சிரிக்க வைப்பார் ஆடம் வெஸ்ட். ஜோக்கராக வந்த சீஸர் ரொமேரோ மீசையை எடுக்கவே மாட்டேன்னு அடம்பிடிக்க, அதன் மேலேயே வெள்ளை மேக்கப்பைப் பூசிவிட்டார்கள். உற்றுப் பாருங்க, தெரியும்!

1968-ல் முடிந்த இந்தத் தொடர் டிஸ்க்காக வந்ததென்னவோ 2014 நவம்பரில்தான். காரணம், உரிமைச் சிக்கல். தொடரைத் தயாரித்தது ஃபாக்ஸ். பேட்மேன் கேரக்டரோ வார்னர் வசம். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் கடைக்கு வரும். அதுவரை ரசிகர்களுக்கு மறு ஒளிபரப்புதான் கதி. மொத்தம் 3 சீசன், 120 எபிசோடு. முதல் சீசன் 34. புதன்கிழமை பேட்மேனை ஆபத்தில் தொங்கவிட்டு, வியாழக்கிழமை காப்பாற்றுவார்கள். டிஸ்க்கில் அடுத்த நிமிஷமே தப்பிச்சிடுவார்!